கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது: சேலம், ஏற்காடு கார் உரிமையாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பாலிசி முடியும் தேதி நெருங்கினால் போன் ஓயாது. இலவச கார் வாஷ், உணவு கூப்பன், ஷாப்பிங் புள்ளிகள், சாலையோர உதவி, வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போகும் வசதி என்று ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். சேலத்தில் ஒரு கார் பட்டறையில் இன்சூரன்ஸ் க்ளெய்ம் தாள்களைக் கவனிப்பது என் வேலை. அந்தப் பட்டியலைக் கேட்டு பாலிசி எடுத்தவர்கள் நசுங்கிய வண்டியோடு என் மேசைக்கு வரும்போது கூப்பனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் எப்போது வருவார், பம்பருக்கு எவ்வளவு தருவார்கள், கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

சலுகைகளில் பயனுள்ளவையும் உண்டு. ஆனால் அவற்றைப் பார்க்க வேண்டிய இடம் கடைசி. கீழே உள்ள வரிசையைக் கூடுமானவரை மாற்றாதீர்கள். ஒரு படியில் தெரிந்துகொள்வது அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. ஒரு மாதம் முன்பே தாள்களை எடுத்து வையுங்கள்

தேவையானவை: ஆர்.சி., நடப்பு பாலிசி, என்.சி.பி. எனப்படும் க்ளெய்ம் இல்லாத போனஸ் எத்தனை சதவீதம் என்ற விவரம், இந்த வருடம் க்ளெய்ம் வாங்கியிருந்தால் அதன் எண், கடன் இருந்தால் வங்கியின் பெயர், கேஸ் கிட் பொருத்தியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியதற்கான சான்று.

பாலிசி என்று பலர் எடுத்து வருவது முதல் இரண்டு பக்கங்களை மட்டும். நிபந்தனைகள் அடங்கிய முழுப் புத்தகமும் வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் அதைத் தரவிறக்கம் செய்யலாம். எதற்குப் பணம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பது அதில்தான் இருக்கிறது.

ஒரு மாதம் எதற்கு என்றால், கடைசி நாளில் உட்காருபவருக்கு ஒப்பிட நேரம் இருக்காது. யார் கடைசியாக போன் செய்தாரோ அவரிடமே எடுத்துவிடுவார். தேதி தாண்டிவிட்டால் வண்டியைப் பரிசோதித்த பிறகே புதுப் பாலிசி தருவார்கள். 90 நாட்கள் தாண்டினால் சேர்த்து வைத்த என்.சி.பி. முழுவதும் போய்விடும். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-ஆவது பிரிவில் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது.

இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு, க்ளெய்ம் வாங்கியிருந்தும் "இல்லை" என்று சொல்லி என்.சி.பி.யைக் கேட்பது. புது நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும். பிரீமியத்தில் சில ஆயிரங்களை மிச்சப்படுத்தியவர் பிறகு பெரிய க்ளெய்மில் மாட்டிக்கொள்வார். ஏஜென்ட் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாலும் சம்மதிக்காதீர்கள். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் வாக்குமூலம்.

2. தேர்ட் பார்ட்டி தொகையை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்

பிரீமியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது தேர்ட் பார்ட்டி, உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கானது ஓன் டேமேஜ். முதலாவது கட்டாயம். அதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அட்டவணையில் தனியார் காருக்கு 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் இதே கட்டணம்தான்.

எனவே "எங்களிடம் மொத்தமே இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால், ஓன் டேமேஜ் பகுதி எவ்வளவு என்று தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போட்டி நடப்பது அந்தப் பகுதியில் மட்டும். என்.சி.பி. தள்ளுபடியும் (முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45, 50 என்று ஏறுவது) அந்தப் பகுதிக்கே பொருந்தும்.

புதுக் கார் வாங்கும்போதே மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி சேர்த்து வாங்கியிருப்பீர்கள். 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். அது முடியும் வரை இரண்டாம், மூன்றாம் வருடங்களில் ஓன் டேமேஜ் மட்டும் தனியாக, வேறு நிறுவனத்திலும் எடுக்கலாம். இது தெரியாமல் தேர்ட் பார்ட்டிக்கு இரண்டு முறை பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. வண்டி ஓடும் பாதையை எழுதுங்கள்

அஸ்தம்பட்டிக்கும் ஜங்ஷனுக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிக்கும், வாரம் இரண்டு முறை மலையேறும் வண்டிக்கும் ஒரே பாலிசி பொருந்தாது. ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கே நிறுத்துகிறீர்கள், எந்தச் சாலையில் அதிகம் போகிறீர்கள், மழைக்காலத்தில் அங்கே என்ன நடக்கும்.

ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே நடப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சாதாரண முழு பாலிசியிலேயே அடங்குபவை. மண்சரிவு, பாறை சரிவு, புயல், வெள்ளம் ஆகியவை பாலிசி வாசகத்தில் பெயர் சொல்லியே இருக்கின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது போன்ற நிகழ்வில் வண்டி சிக்கினால் க்ளெய்ம் உண்டு. மரம் விழுவது, இரவில் காட்டெருமை மோதுவது, தடுப்புச் சுவரில் உரசுவது எல்லாம் விபத்துக் கணக்கில் வரும்.

இரண்டாவது, கூடுதல் காப்பு எடுத்தால் மட்டும் கிடைப்பவை. கல் மோதி, இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் சம்ப் உடைந்தால் சம்ப்புக்குப் பணம் கிடைக்கும். ஆனால் ஆயில் ஒழுக ஒழுக "ஊருக்குள் போய்விடலாம்" என்று ஓட்டி இன்ஜின் இறுகிவிட்டால், அது பின்விளைவுச் சேதம் என்று சாதாரண பாலிசியில் தள்ளிவிடுவார்கள். மழையில் தேங்கிய நீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் நீர் ஏறுவதும் இதே வகை. இவற்றுக்கு இன்ஜின் பாதுகாப்புக் காப்பு வேண்டும். அதை எடுத்திருந்தாலும் எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகு ஓட்டினால் சிக்கல்தான்.

மூன்றாவது, எந்தப் பாலிசியும் தராதவை. கிளட்ச் கருகுவது, இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து அது சூடாகிப் போவது, டயர் தேய்வது. இவை தேய்மானம். இவற்றுக்குக் க்ளெய்ம் கேட்டு வருபவர்களிடம் இல்லை என்று சொல்வது எனக்கும் கடினமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். வெள்ளை நம்பர் பலகை வண்டியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் கோடை விழா சமயத்தில் பெருகிவிடுகிறார்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகை ஓட்டம் நடக்கும்போது விபத்து என்றால், நிறுவனம் ஓன் டேமேஜ் க்ளெய்மை மறுக்க அதுவே போதும்.

4. நிறுவனத்துக்கு முன் பட்டறைக்குப் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு நிறுவனத்தின் சேவை நாடு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சென்னையில் விரைவாக இயங்கும் நிறுவனத்துக்கு இங்கே போதிய சர்வேயர் இல்லாமல் இருக்கலாம். ஊருக்குள் அதை அன்றாடம் பார்ப்பவர்கள் பட்டறையில் க்ளெய்ம் பார்ப்பவர்கள்.

குறைந்தது இரண்டு இடங்களுக்குப் போங்கள்: உங்கள் வண்டியின் கம்பெனி சர்வீஸ் ஒன்று, நீங்கள் நம்பும் தனிப் பட்டறை ஒன்று. ஷோரூமில் இன்சூரன்ஸ் விற்கும் மேசைக்குப் போகாதீர்கள். அவர்களுக்குக் கமிஷன் இருக்கிறது. உள்ளே போய், டிங்கரிங் நடக்கும் பக்கத்தில் எஸ்டிமேட் போடுபவரைக் கேளுங்கள். வேலை நாளில் மதியத்துக்கு மேல் போனால் பேச நேரம் இருக்கும். சனிக்கிழமை மாலை போகாதீர்கள். அன்றைக்கு எல்லாரும் வண்டி எடுக்க நிற்பார்கள்.

கேட்க வேண்டியவை இவை:

எந்த நிறுவனங்களோடு கேஷ்லெஸ், அதாவது பில்லை நிறுவனமே பட்டறைக்கு நேரடியாகக் கட்டும் வசதி, இப்போது நடப்பில் இருக்கிறது? நிறுவனத்தின் இணையதளப் பட்டியலில் பட்டறையின் பெயர் இருக்கும்; ஆனால் பாக்கித் தொகை தகராறில் பட்டறை கேஷ்லெஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கும். இதைப் பட்டறையில்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சர்வேயர் நேரில் வருகிறாரா, வீடியோவில் பார்க்கிறாரா? சிறு கீறலுக்கு வீடியோ போதும், வேகமும் கூட. பெரிய அடிக்கு நேரில் வருவது நல்லது. ஒரு நல்ல சர்வேயர் பார்க்கும் விதத்தை ஒரு முறை நின்று கவனியுங்கள். கழற்றிய பம்பரைத் திருப்பிப் போட்டு உள்பக்கக் கொக்கிகள் உடைந்திருக்கின்றனவா என்று விரலால் தடவுவார். கொக்கி உடைந்திருந்தால் ஒட்டிப் பயனில்லை, மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட்டில் குறிப்பார். கீறலில் தூசி படிந்து கறுத்திருந்தால் அது பழையது என்று அந்த வரியை அடிப்பார். கேமராவில் இந்த இரண்டுமே சரியாகத் தெரியாது. நியாயமானதும் போய்விடும், தேவையற்ற சந்தேகமும் வந்துவிடும்.

பிரித்த பிறகு தெரியும் சேதத்துக்கு இரண்டாவது ஒப்புதல் எவ்வளவு விரைவில் வருகிறது? முன்பக்க அடியில் ரேடியேட்டர், ஏ.சி. கன்டென்சர் சேதம் பம்பரைக் கழற்றினால்தான் தெரியும். வண்டி பட்டறையில் வாரக்கணக்கில் தூங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஒப்புதலுக்காகத்தான்.

வண்டியை எடுக்கும் நாளில் வாடிக்கையாளரிடம் எதிர்பாராத பிடித்தம் சொல்லும் நிறுவனம் எது? இந்தக் கேள்விக்கு முகத்திலேயே பதில் கிடைக்கும்.

பட்டறைக்கும் தன் நலன் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ரிப்பேர் செய்யக்கூடியதையும் மாற்றுவதற்கு ஒப்புதல் தரும் நிறுவனம் பட்டறைக்குப் பிடித்துப் போகும். அதனால்தான் இரண்டு இடம் என்கிறேன். இரண்டு பேரும் சொல்லும் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பெயர்கள் கிடைத்தால் போதும்.

5. அந்த மூன்று பெயர்களின் கணக்கைப் பாருங்கள்

பட்டறையில் கேட்டது ஊர் அனுபவம். அதைச் சரிபார்க்க எழுத்தில் இருப்பதும் வேண்டும். ஒவ்வொரு பொதுக் காப்பீட்டு நிறுவனமும் காலாண்டுக்கு ஒரு முறை தன் இணையதளத்தில் பொது வெளியீடுகள் என்ற பகுதியில் படிவங்களைப் போட வேண்டும் என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி. அவற்றில் மூன்று போதும்: என்.எல்.-37 க்ளெய்ம் எண்ணிக்கை, என்.எல்.-39 எத்தனை மாதத்தில் பணம் தந்தார்கள் என்பது, என்.எல்.-45 புகார்கள்.

மோட்டார் ஓன் டேமேஜ் வரிசையை மட்டும் பாருங்கள். தேர்ட் பார்ட்டி க்ளெய்ம்கள் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நடப்பவை. அதைச் சேர்த்துப் பார்த்தால் எல்லா நிறுவனமும் மோசமாகத் தெரியும். 37-இல் நிராகரித்தவற்றோடு, பணம் தராமல் மூடியவற்றையும் கூட்டிப் பாருங்கள். 39-இல் ஒரு மாதத்துக்குள் முடித்தவை எவ்வளவு என்று பாருங்கள். 45-இல் பத்தாயிரம் க்ளெய்முக்கு எத்தனை புகார் என்று ஒரு வரி இருக்கும். சிறிய நிறுவனத்தையும் பெரிய நிறுவனத்தையும் ஒப்பிட அதுதான் சரியான அளவு.

விளம்பரத்தில் வரும் "க்ளெய்ம் விகிதம்" எது என்று கேளுங்கள். வாங்கிய பிரீமியத்தில் எவ்வளவு பணத்தை க்ளெய்மாகத் தந்தார்கள் என்பது ஒரு விகிதம். நூறு பேர் கேட்டால் எத்தனை பேருக்குத் தந்தார்கள் என்பது வேறு விகிதம். முதலாவதைக் காட்டி இரண்டாவதைப் போல் பேசுவது சாதாரணமாக நடக்கிறது.

6. ஐ.டி.வி.யையும் பிடித்தத் தொகையையும் சமமாக்குங்கள்

இப்போது மூன்று விலை வாங்கலாம். வாங்கும்போது ஐ.டி.வி. மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டி முழுவதும் போய்விட்டால் கிடைக்கும் தொகை அது. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினாலும் முழு இழப்பாகவே கணக்கிடுவார்கள். ஐ.டி.வி.யைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் குறையும். "மலிவு" என்று தோன்றும் பல விலைகளின் ரகசியம் இதுதான். ஐ.டி.வி.க்குக் கழிக்கும் பொதுவான தேய்மான அளவு: இரண்டாம் வருடம் முடிய 20 சதவீதம், மூன்றாம் வருடம் முடிய 30, நான்காம் வருடம் முடிய 40, ஐந்தாம் வருடம் முடிய 50.

ஒவ்வொரு க்ளெய்மிலும் உங்கள் கையிலிருந்து போகும் கட்டாயப் பிடித்தம் 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். இதற்கு மேல் தானாக முன்வந்து ஏற்கும் பிடித்தம் என்று ஒரு பெட்டி சில இணையப் பக்கங்களில் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு விலையைப் பாருங்கள்.

உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு ஏற்கெனவே இன்னொரு வண்டியின் பாலிசியில் இருந்தால் இரண்டாவது முறை தேவையில்லை.

7. கூடுதல் காப்பை முடிவு செய்யுங்கள்; ஒரு பில்லை வைத்துப் பாருங்கள்

கூடுதல் காப்பும் சலுகையும் ஒரே பட்டியலில் கலந்து வருவதால் குழப்பம் உண்டாகிறது. கூடுதல் காப்புக்குப் பிரீமியம் கட்டுகிறீர்கள்; பாலிசியில் அதன் பெயர் அச்சாகும்; தராவிட்டால் வழக்குப் போடலாம். எந்தத் தாளிலும் ஏறாத சலுகைக்கு இந்தப் பிடிமானம் கிடையாது.

ஜீரோ டெப், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும், ஊரில் பம்பர் டு பம்பர் என்று சொல்லும் காப்பு, வேண்டுமா என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. 1200 சி.சி. கார், மூன்று வருடம் முடிந்து நான்காவது நடக்கிறது. முன்பக்க அடி. ஜி.எஸ்.டி.யை விட்டுவிடுவோம்.

பம்பர் 9,000 ரூபாய். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம். எனவே உங்கள் பங்கு 4,500. இரும்பு ஃபெண்டர் 6,000. இந்த வயது வண்டிக்கு உலோகத்தில் 25 சதவீதம். உங்கள் பங்கு 1,500. முன் கண்ணாடி 7,000; கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. பெயின்டிங் 8,000; அதில் கால் பங்கு பொருள் செலவு என்று கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள்; உங்கள் பங்கு 1,000. கூலி 5,000, கழிவு இல்லை. மொத்தம் 35,000. தேய்மானம் 7,000, கட்டாயப் பிடித்தம் 1,000. நீங்கள் கட்ட வேண்டியது 8,000 ரூபாய். நட்டு, கிளிப், கூலன்ட் போன்றவை வந்தால் அதுவும் உங்கள் தலையில்.

ஜீரோ டெப் இருந்தால் இதே பில்லில் 1,000 ரூபாயும் அந்தச் சில்லறைப் பொருட்களும்தான். 500 ரூபாய் கூப்பனுக்காக இதை விட்டுவிட்டு வேறு பாலிசி எடுத்தவர் என்ன இழந்தார் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு உட்பட்ட வண்டிக்கு ஜீரோ டெப் எடுங்கள் என்றே எல்லாரிடமும் சொல்கிறேன். வருடத்துக்கு எத்தனை க்ளெய்முக்கு அது செல்லும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையில் அடிக்கடி ஓடும் வண்டிக்கு இன்ஜின் பாதுகாப்பு. என்.சி.பி. 45, 50 சதவீதத்தை எட்டியவர்களுக்கு என்.சி.பி. பாதுகாப்பு. சாவி தொலைவது, உடைமை இழப்பு போன்றவற்றுக்கான காப்பை விட்டுவிடலாம்.

8. இப்போது சலுகைப் பட்டியலை எடுங்கள்

மூன்று நிறுவனங்களில் குறைந்தது இரண்டு சமமாக வந்து நிற்கும். சலுகை முடிவு செய்ய வேண்டியது இந்த இடத்தில். ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் வடிகட்டுங்கள். பாலிசி தாளில் எழுதியிருக்கிறதா? சேலத்தில் கிடைக்கிறதா? அதை இலவசமாகத் தராவிட்டால் நான் காசு கொடுத்து வாங்குவேனா? கார் வாஷ், கூப்பன், புள்ளிகள் ஆகியவை பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

வண்டியை இழுத்துவரும் சேவை மட்டும் வேறு ரகம். மலையில் வண்டி நின்றுவிட்டால் அதுதான் முதல் தேவை. தனியார் காருக்கான பொது பாலிசி வாசகத்திலேயே விபத்துக்குப் பின் அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டுபோகும் செலவு 1,500 ரூபாய் வரை அடங்கும். எனவே சாலையோர உதவி என்பது அதற்கு மேல் என்ன தருகிறது என்று பார்க்க வேண்டும்.

இலவச எண்ணுக்கு இரவு எட்டு மணிக்கு மேல் போன் செய்து கேளுங்கள். "ஏற்காடு மலைப்பாதையில் பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரிலிருந்து வண்டி அனுப்புவீர்கள்? எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம்? நான் சொல்லும் பட்டறைக்கு வருமா, அருகிலுள்ள பட்டறைக்கு மட்டுமா?" தமிழில் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வரம்பு 25 கிலோமீட்டர் என்றால் நகரத்துக்குள் வருவதற்குள் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். காரை மேலே ஏற்றிக் கொண்டுபோகும் நீளமான பிளாட்பெட் வண்டி வளைவுகளில் திரும்பச் சிரமப்படும் என்பதால், மலைக்கு எந்த வண்டி வரும் என்பதையும் கேளுங்கள். நாகலூர், செம்மநத்தம் பக்கம் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு சலுகைக்காக நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்காவது படியில் தேறிய நிறுவனமாக இருக்க வேண்டும்.

கமிஷனில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 1938-ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. வாங்குபவருக்கும் தடை பொருந்தும், அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு: கமிஷனைக் கொடுத்துவிட்ட ஏஜென்டுக்கு உங்கள் க்ளெய்முக்காக ஓடுவதில் என்ன அக்கறை இருக்கும்?

9. பணம் கட்டிய அன்றே பாலிசியைச் சரிபாருங்கள்

பணத்தை நிறுவனத்தின் கணக்கிலேயே கட்டுங்கள். பிரீமியம் போய்ச் சேராமல் காப்பு தொடங்காது, இன்சூரன்ஸ் சட்டத்தின் 64வி.பி. பிரிவு அப்படிச் சொல்கிறது. ஏஜென்டின் சொந்தக் கணக்கில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

பி.டி.எஃப். வந்ததும் ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்து இன்ஜின் எண், சேசிஸ் எண், பெயர், சி.சி., வங்கியின் பெயர், என்.சி.பி. சதவீதம், ஐ.டி.வி., கூடுதல் காப்புகளின் பெயர்கள் என்று வரிசையாக டிக் அடியுங்கள். சேசிஸ் எண்ணில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் க்ளெய்ம் நேரத்தில் நாட்கள் போகும். தவறு இருந்தால் மின்னஞ்சலில் எழுதித் திருத்தம் வாங்குங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

பழைய கார் வாங்கியவர்கள் 14 நாட்களுக்குள் பாலிசியைத் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி தானாக மாறிவிடும். உங்கள் வண்டிச் சேதத்துக்கான பகுதி தானாக மாறாது.

10. அடிபட்டால் முதல் ஒரு மணி நேரம்

யாருக்காவது காயம் என்றால் மருத்துவமனையும் காவல் நிலையமும் முதலில். மற்றது எல்லாம் பிறகு.

வண்டிக்கு மட்டும் சேதம் என்றால், நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். மோதிய சுவர், கல், மரம் ஆகியவை வண்டியோடு சேர்ந்து தெரிய வேண்டும். வளைவின் எண் பலகை இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். சேதம் எப்படி வந்தது என்று சர்வேயருக்கு நீங்கள் சொல்லும் விவரமும் படமும் பொருந்த வேண்டும். அடியில் பார்த்து ஏதாவது சொட்டினால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

அங்கிருந்தே நிறுவனத்துக்குத் தெரிவித்து க்ளெய்ம் எண் வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும் முன் பட்டறையில் எதையும் பிரிக்க விடாதீர்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி க்ளெய்ம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். 15 நாட்களுக்குள் அறிக்கை வர வேண்டும். அறிக்கை வந்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவைச் சொல்ல வேண்டும். இந்த மூன்று எண்களையும் பட்டறைக்காரரிடமும் நிறுவனத்திடமும் சொல்லிப் பேசுங்கள்; பேச்சின் தொனியே மாறிவிடும்.

சின்னக் கீறலுக்குக் க்ளெய்ம் போடும் முன் கணக்குப் பாருங்கள். ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய், என்.சி.பி. 50 சதவீதம் என்றால் அடுத்த வருடம் இழப்பது 5,000 ரூபாய். மறுபடி 50-க்கு ஏறப் பல வருடம் ஆகும். 6,000 ரூபாய் வேலைக்கு என்.சி.பி.யை இழப்பது நஷ்டம். பட்டறையில் எங்களுக்கு வேலை கிடைக்கிறது என்பதற்காக இதை யாரும் உங்களுக்கு முன்வந்து சொல்ல மாட்டார்கள்.

11. மறுத்தால் எங்கே போவது

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்ற எண்ணோடு. பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அதே புகாரை ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். போனில் என்றால் 155255.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. தமிழ்நாடு முழுவதும் அந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதே விஷயத்தை குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். எனவே முதலில் இங்கே, பிறகு அங்கே.

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடக் கெடு. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலத்திலேயே, வழக்குப் போட 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது. செலுத்திய பிரீமியத்தை வைத்தே கட்டணம் கணக்கிடப்படுகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பாலிசியின் முழு வாசகம், விபத்து இடத்தில் எடுத்த படங்கள், சர்வேயர் அறிக்கையின் நகல், மறுப்புக் கடிதம், மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. தரவில்லை என்றால் அதையும் மின்னஞ்சலில் கேட்டு, கேட்ட தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.